பழைய ஜெர்மன் அரசுகளின் தபால்தலைகள்: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

ஜெர்மனி ஒன்றாகும் முன் தனித்தனியாக ஸ்டாம்பு வெளியிட்ட பழைய ஜெர்மன் அரசுகளின் ஸ்டாம்புகளைச் சேர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் 1849-ல் வந்த பவேரியாவின் கறுப்பு ஒரு குரோய்ட்சர் ஸ்டாம்பை முதலில் தேடுகிறார்கள். அடுத்து சாக்சனியின் சிவப்பு 3 ஃபென்னிக். ஆசை புரிகிறது. ஆனால் இவை இரண்டும் போலிகளும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்தவையும் மலிந்த ஸ்டாம்புகள். கண் பழகாத ஆரம்பத்தில் இவற்றுக்குப் பணம் கொடுத்தால் அது திரும்பி வருவது கடினம்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் 1860களின் மலிவான, முத்திரை குத்திய ஸ்டாம்புகள். அவற்றை வைத்துத் தாள், ஓரம், முத்திரை மூன்றையும் படிக்கப் பழக வேண்டும். அப்புறம் ஒரே ஒரு அரசு. அதன்பின் கடித உறைகள். விலை உயர்ந்தவை கடைசியில், சான்றிதழோடு மட்டும். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன.

1. வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் செலவு ஸ்டாம்புக்கு அல்ல, கேட்லாக்குக்கு. மிஷெல் நிறுவனத்தின் ஜெர்மனி சிறப்புக் கேட்லாக், முதல் தொகுதி போதும். ஏலங்களிலும் சான்றிதழ்களிலும் குறிப்பிடப்படுவது மிஷெல் எண்தான். பத்து வருடப் பழைய பதிப்பை மலிவாக வாங்கினாலும் பாதகமில்லை. விலைதான் மாறியிருக்கும்; வகைப்பிரிப்பு பெரிதாக மாறாது. ஜெர்மன் தெரியாதே என்று தயங்க வேண்டாம். நிறப் பெயர்கள், தாள் வகைகள், முத்திரை வகைகள் என்று ஐம்பது அறுபது சொற்கள் பிடிபட்டால் பக்கங்கள் தானாகப் புரியத் தொடங்கும்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நுனி தட்டையான ஸ்டாம்ப் இடுக்கி, சிறிய கறுப்புத் தட்டு, லைட்டர் திரவம், நீண்ட அலைப் புற ஊதா விளக்கு, கறுப்புப் பக்கங்கள் உள்ள ஸ்டாக் புத்தகம். கறுப்புப் பக்கத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளைத் தாளின் ஓரம் வெள்ளைப் பக்கத்தில் தெரியாது. இந்தக் காலத்து ஸ்டாம்புகளில் விலையைத் தீர்மானிப்பது ஓரம்.

பற்களை எண்ணும் அளவுகோலை எல்லோரும் முதலிலேயே வாங்குகிறார்கள். இங்கே அதற்கு அவசரமில்லை. 1850களின் ஸ்டாம்புகளுக்குப் பல்லே கிடையாது, கத்தரியால் வெட்டியவை. 1860களில் பல, கத்தி முனையால் கீறிப் பிரிக்கப்பட்டவை.

2. நாணயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். ஸ்டாம்பின் மேல் இருக்கும் எண் எந்தக் காசைக் குறிக்கிறது என்று தெரியாமல் அது எந்த ஊருக்கு, எந்தக் கடிதத்துக்கு ஒட்டப்பட்டது என்று சொல்ல முடியாது.

வடக்கில் தாலர், தெற்கில் குல்டன். பிரஷ்யாவில் ஒரு தாலருக்கு 30 சில்பர்குரோஷன், ஒரு சில்பர்குரோஷனுக்கு 12 ஃபென்னிக். சாக்சனியிலும் தாலருக்கு 30 குரோஷன்தான், ஆனால் அதன் புதிய குரோஷனுக்கு 10 ஃபென்னிக். ஆக இரண்டு அரசுகளின் ‘3 ஃபென்னிக்’ ஒன்றல்ல. ஹனோவர் முதலில் தாலரை 24 குட்டகுரோஷனாகப் பிரித்தது. 1858-ல் 30 குரோஷனுக்கு மாறியது. பவேரியா, பாடன், வூர்ட்டம்பெர்க் மூன்றிலும் ஒரு குல்டனுக்கு 60 குரோய்ட்சர். ஹாம்பர்க், லூபெக், மெக்லன்பர்க் ஷ்வெரின் ஆகியவை ஷில்லிங்கில் கணக்குப் பார்த்தன, பிரேமன் குரோட்டேயில்.

1850 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் ஆஸ்திரிய அஞ்சல் சங்கம் இந்த நாணயங்களை ஒரு கட்டண அட்டவணையில் கட்டியது. ஒரு லோட்டுக்கு உட்பட்ட கடிதத்துக்கு, அதாவது சுமார் 16 கிராம் வரை, 10 ஜெர்மன் மைல்வரை ஒரு சில்பர்குரோஷன் அல்லது 3 குரோய்ட்சர், 20 மைல்வரை 2 அல்லது 6, அதற்கு மேல் 3 அல்லது 9. ஒரு ஜெர்மன் மைல் ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர். இந்த மூன்று வரியை ஒரு அட்டையில் எழுதி ஸ்டாக் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள். 12-ஆம் படியில் இது மறுபடி தேவைப்படும்.

3. கால எல்லைகளை எழுதி வையுங்கள்

ஒவ்வொரு அரசின் ஸ்டாம்பும் எந்த நாள் முதல் எந்த நாள்வரை செல்லும் என்று தெரிந்தால், பாதிப் போலி முத்திரைகளைத் தேதியை வைத்தே பிடித்துவிடலாம்.

பல சிறு அரசுகளுக்கு அஞ்சல் நடத்திய தூர்ன் உண்ட் டாக்சிஸ் குடும்பத்தின் அஞ்சலை 1867 ஜூலை 1 அன்று பிரஷ்யா எடுத்துக்கொண்டது. அவர்களுடைய ஸ்டாம்பில் 1868 தேதி இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. ஹனோவரை 1866-ல் பிரஷ்யா இணைத்துக்கொண்டது. அந்த ஆண்டோடு அதன் ஸ்டாம்பும் முடிந்தது. சாக்சனி, பிரன்ஸ்விக், ஓல்டன்பர்க், இரண்டு மெக்லன்பர்க்குகள், ஹாம்பர்க், பிரேமன், லூபெக், அப்புறம் பிரஷ்யாவே கூட 1867 டிசம்பர் 31-ல் நிறுத்தின. மறுநாள் வட ஜெர்மன் கூட்டமைப்பின் ஸ்டாம்புகள் வந்தன. பாடன் 1871 டிசம்பர் 31 வரை. வூர்ட்டம்பெர்க் 1902 மார்ச் வரையும் பவேரியா 1920 வரையும் தனியாகவே நடந்தன. ஆனால் குரோய்ட்சர் காலம் முடிந்த 1875, 1876-ஓடு நிறுத்திக்கொள்வது நல்ல எல்லை. அதற்குப் பிந்தியவை வேறு ரகம், வேறு சிக்கல்கள்.

4. முதல் ஐந்து வாங்கல்கள்

கீழே உள்ள ஐந்தும் முத்திரை குத்திய நிலையில் சாதாரணப் பிரதியாக மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு பாடம். அதனால்தான் இவற்றைத் தேர்ந்தெடுத்தேன்.

பிரஷ்யாவின் 1861 ஒரு சில்பர்குரோஷன், கழுகுச் சின்னம். புடைப்பு அச்சு எப்படி இருக்கும், கீறிப் பிரித்த விளிம்பு எப்படி இருக்கும் என்று இது காட்டும். சாக்சனியின் 1863 சின்ன வரிசையில் ஏதாவது ஒன்று. இதிலும் புடைப்பு உண்டு, ஆனால் விளிம்பில் பற்கள். பவேரியாவின் 1862 இளஞ்சிவப்பு 3 குரோய்ட்சர். பல்லில்லாதது, உள்ளே பட்டு நூல் ஓடும், மேலே எண் முத்திரை. வட ஜெர்மன் கூட்டமைப்பின் ஒரு குரோஷன் இரண்டு: 1868-ல் கீறல் விளிம்போடு வந்தது, 1869-ல் பற்களோடு வந்தது.

ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி போதாது, பத்துப் பத்தாக வாங்குங்கள். மோசமான பிரதிகளும் அதில் இருக்கட்டும். நல்ல ஓரம் எது, வெட்டுப்பட்ட ஓரம் எது, தேய்ந்த புடைப்பு எது என்பது பத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் கண்ணில் ஏறும். ஒரே ஒரு அழகான பிரதியை வைத்துக்கொண்டு யாரும் இதைக் கற்றதாக நான் பார்க்கவில்லை.

5. முத்திரை குத்தியதா, குத்தாததா?

‘புதுசு விலை அதிகம், பயன்படுத்தியது விலை குறைவு.’ நம்மில் எல்லோரும் இந்தக் கணக்கோடுதான் வருகிறோம். பழைய ஜெர்மனியில் பல இடங்களில் இது அப்படியே தலைகீழ்.

அரசுகள் அஞ்சலை நிறுத்தியபோது மிச்சமிருந்த தாள்கள் கட்டுக்கட்டாக வணிகர்களிடம் போயின. அதனால் பெர்கெடார்ஃப், லூபெக்கின் 1859 வரிசை, தூர்ன் உண்ட் டாக்சிஸின் கடைசி வரிசைகள் எல்லாம் முத்திரையில்லாமல் மலிவாகக் கிடைக்கின்றன. உண்மையாகக் கடிதத்தில் போனவை அரிது. பாடனின் 1862 கிராமப்புற அஞ்சல் வரி ஸ்டாம்புகள், மஞ்சள் தாளில் கறுப்பில் 1, 3, 12 குரோய்ட்சர், இதற்குக் கச்சிதமான உதாரணம். முத்திரையில்லாத ஜோடி ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு வரும். முத்திரையோடு உள்ள 12 குரோய்ட்சர் பெரிய ஏலங்களின் சரக்கு.

விலை வித்தியாசம் இவ்வளவு இருந்தால் போலி செய்பவன் ஸ்டாம்பை அச்சடிக்கத் தேவையே இல்லை. உண்மையான ஸ்டாம்பை எடுத்து, போலி முத்திரையைக் குத்திவிடுவான். ஆகவே கேட்லாக்கில் முத்திரை குத்தியதன் விலை குத்தாததைவிடப் பல மடங்கு இருக்கும் எதையும் சான்றிதழ் இல்லாமல் முத்திரையோடு வாங்காதீர்கள். ஆல்பத்தில் இடம் காலியாக உறுத்தினால் முத்திரையில்லாத மலிவுப் பிரதியை வைத்து நிரப்புங்கள். அது நேர்மையான பொருள்.

6. நீரில் போடும் முன் யோசியுங்கள்

பழைய ஆல்பம் ஒன்று வாங்கினால் முதல் வேலை, ஸ்டாம்புகளை ஊறவைத்து ஒட்டுத்தாளை எடுப்பது என்று நினைப்பார்கள். இங்கே அது கடைசி வேலை.

பிரஷ்யாவின் 1866 ஆம் ஆண்டு 10, 30 சில்பர்குரோஷன் ஸ்டாம்புகளை ஒருபோதும் நீரில் போடக் கூடாது. மெல்லிய ஒளிபுகும் தோல் போன்ற பொருளின் பின்பக்கம் படத்தைத் திருப்பி அச்சடித்து, அதன்மேல் பசை தடவியிருக்கிறார்கள். யாராவது மறுபடி பயன்படுத்த உரித்தால் படம் உறையோடு தங்கிவிட வேண்டும் என்பதே திட்டம். நீரில் போட்டால் அது உங்கள் கிண்ணத்திலேயே நடந்துவிடும்.

பாடன், வூர்ட்டம்பெர்க், தூர்ன் உண்ட் டாக்சிஸ், ஹனோவர் ஆகியவற்றின் முதல் வரிசைகள் நிறத் தாளில் கறுப்பு அச்சு. தாளின் சாயம் நீரில் மங்கும், வெயிலிலும் மங்கும். புடைப்பு அச்சு உள்ளவற்றை ஊறவைத்தபின் கனமான புத்தகத்தின் கீழ் வைத்து அழுத்தாதீர்கள். அரசர் தலையும் கழுகும் தட்டையாகிவிடும். இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவே லேசான எடை போதும்.

உறையின் துண்டில் ஒட்டியபடி, முத்திரை துண்டின் மேலும் ஓடியிருந்தால், அப்படியே விட்டுவிடுங்கள். அந்தத் துண்டு முத்திரைக்குச் சாட்சி. கழற்றினால் மதிப்பும் போகும், சாட்சியும் போகும்.

7. ஓரங்களை அளப்பது

பல்லில்லாத ஸ்டாம்பில் கேட்லாக் விலை என்பது நான்கு பக்கமும் வெட்டுப்படாமல் ஓரம் உள்ள பிரதிக்கு. ஒரு பக்கம் சட்டத்தைத் தொட்டுவிட்டாலே விலை சரிகிறது. உள்ளே வெட்டியிருந்தால் மிகச் சிறு பங்குதான்.

ஆனால் எல்லா அரசுக்கும் ஒரே அளவுகோலை வைக்காதீர்கள். தூர்ன் உண்ட் டாக்சிஸ் ஸ்டாம்புகளைத் தாளில் மிக நெருக்கமாக அச்சடித்தார்கள். அஞ்சல் ஊழியர் கத்தரியை எடுத்தால் ஏதோ ஒரு ஸ்டாம்பின் ஓரம் போகத்தான் செய்யும். வூர்ட்டம்பெர்க்கின் 1857 புடைப்பு வரிசையும் அப்படியே. இவற்றில் மூன்று பக்கம் நன்றாக இருந்தாலே திருப்தியடையலாம். நான்கு பக்கமும் அகலமான ஓரத்தோடு மலிவாக ஒன்று வந்தால் சந்தேகப்படுங்கள். ஓரம் பின்னால் ஒட்டப்பட்டதாக இருக்கலாம். லைட்டர் திரவத்தில் கறுப்புத் தட்டில் வைத்தால் ஒட்டின கோடு இருண்டு தெரியும்.

கீறல் விளிம்பு பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒருபோதும் அழகாகப் பிரியாது. பிய்த்த காகிதம்போல் ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். புதியவர்கள் அதைச் சேதம் என்று ஒதுக்குகிறார்கள். சிலர் கத்தரியால் நேராக்கியும் விடுகிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: கீறல் விளிம்பை வெட்டி எடுத்துவிட்டு, விலை அதிகமான பல்லில்லாத வகை என்று விற்பது. தாராளமான ஓரம் இல்லாத ‘பல்லில்லாத’ பிரதியை அந்த விலைக்கு ஏற்காதீர்கள்.

மெக்லன்பர்க் ஷ்வெரினின் கால் ஷில்லிங் ஸ்டாம்ப் தனிக்கதை. நான்கு கால்கள் சேர்ந்து ஒரு சதுரம். வேண்டிய அளவு வெட்டி ஒட்டலாம். தனிக் கால் ஒன்றைப் பார்த்து ‘கிழிந்த துண்டு’ என்று ஒதுக்குவதும், சதுரத்தை நான்கு ஸ்டாம்பாகக் கணக்கிடுவதும் இரண்டுமே தவறு. அதன் பின்னணி புள்ளியா, வெறும் வெள்ளையா என்றும் பாருங்கள். 1856 வெளியீட்டில் புள்ளிகள்தான், 1864-ல் வெள்ளையும் உண்டு.

8. தாளுக்குள் பார்ப்பது

மூன்று விஷயங்கள்: பட்டு நூல், வாட்டர்மார்க், பின்னணிக் கோடுகள்.

பவேரியாவின் முதல் வரிசையில் 3, 6 குரோய்ட்சருக்குச் சிவப்புப் பட்டு நூல் உண்டு; கறுப்பு ஒரு குரோய்ட்சருக்குக் கிடையாது. நூல் தாளின் கூழுக்குள் புதைந்திருக்கும். பின்பக்கத்தை லென்ஸில் பார்த்தால் இழை சில இடத்தில் மேலே வந்து சில இடத்தில் மறையும். பேனாவால் வரைந்த கோடு மேற்பரப்பிலேயே நிற்கும். வூர்ட்டம்பெர்க், ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் ஸ்டாம்புகளிலும் இதே சோதனை உதவும்.

வாட்டர்மார்க்குக்கு பிரஷ்யாவே நல்ல பள்ளி. 1850 வெளியீட்டில் அரசர் நான்காம் ஃபிரெடரிக் வில்லியம் தலை, பின்னால் குறுக்குக் கோடுகள், தாளில் லாரல் இலை மாலை. 1857-ல் பின்னணி கோடில்லாத முழு நிறம், வாட்டர்மார்க் இல்லை. 1858-ல் குறுக்குக் கோடுகள் திரும்ப வந்தன, வாட்டர்மார்க் வரவில்லை. முகம் ஒன்றுதான். முதலில் லென்ஸில் பின்னணி, அப்புறம் திரவத்தில் தாள், இந்த வரிசையில் பார்த்தால் அரை நிமிடத்தில் பிரித்துவிடலாம். திரவத்தைப் பயன்படுத்தும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். அருகில் அடுப்போ ஊதுபத்தியோ வேண்டாம்.

புற ஊதா விளக்கின் வேலை எளிது. தாளை வெண்மையாக்கும் ரசாயனங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவின. 1850 ஆம் ஆண்டுத் தாள் என்று சொல்லப்படுவது நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் அது புதுத்தாள். ஒட்டுப்போட்ட இடமும், அழிக்கப்பட்ட பேனா மையின் நிழலும் இந்த வெளிச்சத்தில்தான் வெளிவரும். பேனாக் கோட்டை ரசாயனத்தால் அழித்து ‘முத்திரை குத்தாதது’ என்று விற்பது பழைய வழக்கம்.

9. முத்திரையைப் படிப்பது

எனக்கு இந்தத் துறையின் மிகப் பெரிய இன்பம் இங்கேதான் இருக்கிறது. செலவில்லாமல் ஆழமாகப் போகவும் இதுவே வழி.

பவேரியாவின் அஞ்சலகங்கள் பல் சக்கரம்போன்ற வட்டத்துக்குள் ஊர் எண்ணைப் பொறித்த முத்திரையைக் குத்தின. சேகரிப்பாளர்கள் இதை ஆலைச் சக்கரம் என்பார்கள். எண்கள் அகர வரிசைப்படி ஊர்களுக்குத் தரப்பட்டன. சிக்கல் என்னவென்றால் 1856 இறுதியில் எல்லா எண்ணையும் மாற்றிவிட்டார்கள். மியூனிக் 217 ஆக இருந்தது, 325 ஆனது. நியூரம்பெர்க் 243 ஆக இருந்து 356 ஆனது. எண்ணை மட்டும் பார்த்து ஊரைத் தேடினால் தவறான ஊர் கிடைக்கும். முதலில் ஸ்டாம்ப் எந்த வருட வெளியீடு என்று பாருங்கள், பிறகு முத்திரை மூடிய சக்கரமா திறந்த சக்கரமா என்று பாருங்கள், அதன்பின் சரியான பட்டியலைத் திறங்கள். 1862 ஆம் ஆண்டு ஸ்டாம்ப் என்றால் இரண்டாம் பட்டியல்தான்.

பிரஷ்யாவில் நான்கு வளையங்களுக்குள் எண். ஆகன் 1, பெர்லின் 103. 1859-ல் இந்த முறை நின்றது. பிறகு ஊர்ப்பெயரும் தேதியும் உள்ள முத்திரைகள். தூர்ன் உண்ட் டாக்சிஸும் நான்கு வளையம்தான் பயன்படுத்தியது, ஃபிராங்க்ஃபர்ட்டின் எண் 220. பிரஷ்யாவின் எண் பட்டியலை வைத்து தூர்ன் உண்ட் டாக்சிஸ் ஸ்டாம்பை அடையாளம் காண முயல்வது அடிக்கடி நடக்கும் தடுமாற்றம். பாடன் வளைய எண், சாக்சனி கம்பி வலைக்குள் எண். ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல்.

இந்த இடத்தில் ஒரு அரசைத் தேர்ந்தெடுங்கள். என் பரிந்துரை பவேரியா. மலிவான 3 குரோய்ட்சரை மட்டுமே வைத்து ஊர் ஊராகச் சேர்க்கலாம். நூற்றுக்கணக்கான எண்கள்; பெரிய ஊர் எண்கள் சில்லறைக் காசுக்கு, சிற்றூர் எண்கள் தேடினால் மட்டும். வணிகர்கள் பலர் கட்டாக விற்கும்போது எண்களைப் பார்ப்பதில்லை, பட்டியல் தெரிந்தவருக்கு அதுவே வாய்ப்பு.

10. மறுஅச்சும் போலியும்

இரண்டும் வேறு. மறுஅச்சு என்பது அதே அச்சுக் கட்டையில், பெரும்பாலும் அரசே, அஞ்சலுக்குப் பயன்படாத காலத்தில் மறுபடி அடித்தது. போலி என்பது வேறொருவர் செய்தது.

மறுஅச்சுகளில் எளிதானது தூர்ன் உண்ட் டாக்சிஸின் 1910 வரிசை. பின்பக்கம் ‘நாய்ட்ரூக்’, அதாவது மறுஅச்சு, என்பதன் இரண்டு எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். அந்த எழுத்தைச் சுரண்டி விற்பவர்களும் உண்டு. பின்பக்கம் மெலிந்திருந்தால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பெர்கெடார்ஃபின் அச்சுக் கற்களையும் மிச்ச இருப்பையும் பிரஸ்ஸல்ஸ் வணிகர் மோன்ஸ் வாங்கினார். அதனால் அதன் மறுஅச்சுகள் உலகெங்கும் உள்ளன. ஹனோவரில் பசையின் நிறமே முதல் சோதனை. 1850களின் ஸ்டாம்புகளில் இளஞ்சிவப்புப் பசை இருக்க வேண்டும்.

ஹெலிகோலாந்து தீவின் ஸ்டாம்புகளை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். பெர்லின், லைப்சிக், ஹாம்பர்க் என்று மூன்று ஊர்களின் மறுஅச்சுகள் அசலோடு கலந்து கிடக்கின்றன. நிறச் சாயலை வைத்துப் பிரிக்கும் வேலை, அனுபவசாலிகளுக்கே கடினம்.

போலிகளில் ஹாம்பர்க்கின் ஸ்பிரோ சகோதரர்கள் அந்தக் காலத்திலேயே தாள் தாளாக அடித்த கல்லச்சு நகல்களைப் பழைய ஆல்பங்களில் நிறையப் பார்ப்பீர்கள். அசல் எழுத்தச்சாகவோ புடைப்பாகவோ இருக்க, இவை தட்டையாக, கோடுகள் சற்றுக் குழைந்து இருக்கும். முத்திரையும் அச்சின் பகுதியாகவே வந்திருக்கும். கேட்லாக்கில் இந்த ஸ்டாம்ப் எந்த அச்சு முறை என்று முதலில் பாருங்கள், பிறகு லென்ஸைப் பிடியுங்கள். முறை பொருந்தாவிட்டால் மற்ற எதையும் ஒப்பிட வேண்டியதில்லை.

சில பொருட்களைச் சந்தேகிக்கவும் நேரம் செலவழிக்க வேண்டாம். பாடனின் 9 குரோய்ட்சர், 6 குரோய்ட்சரின் பச்சைத் தாளில் தவறாக அடிக்கப்பட்டது, விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளது. அது தெரியாத்தனமாக ஒரு கலவைக் கட்டில் வராது. வந்தது சாயம் போட்ட தாள். மாறாக லூபெக்கின் 2 ஷில்லிங்கில் ‘இரண்டரை’ என்று எழுத்துப் பிழையோடு வந்த வகை தேடத் தகுந்தது. நூறு ஸ்டாம்ப் தாளில் 96, 97 ஆம் இடங்களில் அது இருந்தது. மலிவான பிரதிகளைக் கூட எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

11. சான்றிதழ் எப்போது, யாரிடம்

1958-ல் தொடங்கிய ஜெர்மன் தபால்தலைப் பரிசோதகர் கூட்டமைப்பு, சுருக்கமாக பிபிபி. ஒவ்வொரு பரிசோதகருக்கும் குறிப்பிட்ட அரசு, குறிப்பிட்ட காலம் என்று துறை உண்டு. பவேரியா ஸ்டாம்பை பவேரியாவுக்கு உரியவரிடமே அனுப்ப வேண்டும்.

ஸ்டாம்பின் பின்னால் சிறிய பெயர் முத்திரை இருந்தால் அதுவே உத்தரவாதம் என்று நினைக்கிறார்கள். இல்லை. பழைய வணிகர்களும் அப்படிக் குத்தினார்கள். பரிசோதகர் முத்திரையையும் போலி செய்கிறார்கள். பிபிபி குறி என்றால் அது இருக்கும் உயரத்தையும் பாருங்கள். குறையில்லாத ஸ்டாம்பில் குறி கீழ் விளிம்பில் இருக்கும். குறை கூடக்கூட மேலே ஏறும். விற்பனைப் படத்தில் முன்பக்கத்தை மட்டும் காட்டினால் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கட்டணம் பொதுவாகக் கேட்லாக் மதிப்பின் ஒரு சதவீதக் கணக்கில், குறைந்தபட்சத் தொகையோடு வரும். போகவர இன்ஷூரன்ஸ் தபால் செலவும் சேரும். அதனால் மலிவானவற்றை அனுப்புவதில் பொருளில்லை. விலை உயர்ந்ததை, புகைப்படச் சான்றிதழோடு ஏற்கெனவே இருப்பதாகப் பார்த்து வாங்குவதே சிக்கனம். கறுப்பு ஒரு குரோய்ட்சரும் சாக்சனியின் சிவப்பு மூன்றும் இந்த வழியில் மட்டுமே வாங்க வேண்டியவை. சான்றிதழ் வந்ததும் அதன் படத்தையும் கையில் உள்ள ஸ்டாம்பையும் ஓரம் ஓரமாக ஒப்பிடுங்கள். சான்றிதழ் ஒன்று, ஸ்டாம்ப் வேறு என்று சேர்த்து விற்பதும் நடக்கிறது.

விலை பேசும்போது ஒன்று. கேட்லாக் விலை என்பது குறையற்ற பிரதிக்கான உச்சம். சாதாரண வகைகள் அதில் பாதிக்கும் கீழேதான் கைமாறும், சின்னக் குறை இருந்தால் இன்னும் கீழே.

12. கடித உறைகளுக்குப் போவது

தனி ஸ்டாம்பில் கண் பழகியபின் உறைகள். இங்கே 2-ஆம் படியின் அட்டையை எடுங்கள். ஒவ்வொரு உறையிலும் நான்கு கேள்விகள்: எங்கிருந்து எங்கே, எத்தனை மைல், எவ்வளவு கட்டணம், தேதி பொருந்துகிறதா.

1850களில் மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு ஒற்றை எடைக் கடிதம் என்றால் 20 மைலுக்கு மிக அதிகம், ஆக 9 குரோய்ட்சர். அந்த உறையில் 3 குரோய்ட்சர் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தால், ஏதோ விழுந்திருக்கிறது அல்லது ஏதோ பின்னால் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1868 ஜனவரி முதல் தூரக் கணக்கு போய், சாதாரணக் கடிதத்துக்கு ஒரே கட்டணம் வந்தது: ஒரு குரோஷன் அல்லது 3 குரோய்ட்சர். ஆக 1868-க்குப் பிந்திய உறையில் மைல் கணக்கைப் போட்டுக் குழம்ப வேண்டாம்.

கறுப்பு ஒரு குரோய்ட்சர் பெரும்பாலும் உள்ளூர்க் கடிதத்துக்கும் அச்சிட்ட தாள்களுக்கும் ஒட்டப்பட்டது. தொலைதூரக் கடிதத்தில் அது தனியாக இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும்.

முத்திரை ஸ்டாம்பிலிருந்து உறைக்கு ஓடும் இடத்தை லென்ஸில் பாருங்கள். ஒரே மை, ஒரே அழுத்தம், தொடரும் வளைவு. ஸ்டாம்பின் மேல் ஒரு சாயல், உறையில் வேறு சாயல் என்றால் அந்த ஸ்டாம்ப் அங்கே பிறந்ததல்ல.

13. வைத்துக் காப்பது

ஜெர்மன் கையேடுகள் குளிர் நாட்டுக்கு எழுதப்பட்டவை. சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கு ஈரப்பதம் பெரிய எதிரி. பசை உள்ள ஸ்டாம்ப் மழைக்காலத்தில் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழுப்புப் புள்ளிகள் தாளில் பரவும். ஸ்டாக் புத்தகத்தைப் படுக்கப் போட்டு மேலே அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, மாதம் ஒருமுறை ஜெல்லை மாற்றுங்கள். பிவிசி உறைகள் வேண்டாம், பாலியெஸ்டர் உறைகள் சரி. நிறத் தாள் ஸ்டாம்புகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள்.

ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் ஒரு சீட்டு: மிஷெல் எண், முத்திரை எண்ணும் ஊரும், வாங்கிய நாள், விலை, கண்ட குறைகள். குறையை வாங்கிய அன்றே எழுதுங்கள். அந்தச் சீட்டை ஸ்டாம்போடு ஒரே பையில் போடாமல் அதன் பின்னால் தனியாகச் செருகுங்கள், பேனா மை தாளுக்குத் தாள் இறங்கும். பென்சிலில் எழுதினால் இன்னும் நல்லது.